புலி என்று மட்டும் சொன்ன குரங்கு

காட்டின் நடுவே ஒரு குட்டை இருந்தது. சித்திரை வெயிலில் ஓடைகள் எல்லாம் வற்றிவிட்டன. தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள அந்தக் குட்டை ஒன்றுதான் மிச்சம். கரையில் பெரிய அத்தி மரம். அதன் உச்சியில் துடியன் என்ற குரங்கு. அடியில் தண்ணீருக்கு வந்து போகிற நெட்டழகி என்ற புள்ளிமானும் அதன் கூட்டமும்.

துடியன் முகம் கறுத்த, வால் நீண்ட குரங்கு. அதற்கு ஓரிடத்தில் உட்காரவே முடியாது. காயை ஒரு கடி கடிக்கும், எறியும், அடுத்த காய்க்குத் தாவும். முதுகைச் சொறிய ஆரம்பிக்கும். சொறிந்து முடிப்பதற்குள் பக்கத்து மரத்துக்குப் போயிருக்கும். அப்படி ஒரு பரபரப்பு!

ஆனால் துடியன் பொய் மட்டும் சொல்லாது. அதுதான் தொல்லையே! பொய் சொல்கிற குரங்கு என்றால் மான்கள் அதை என்றைக்கோ கைகழுவியிருக்கும்.

அந்தக் காட்டில் குரங்குகளுக்கும் மான்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. குரங்குக்கு உயரம் இருக்கிறது. மானுக்கு மூக்கு இருக்கிறது. தூரத்தில் தெரிவதைக் குரங்கு கத்திச் சொல்லும். கிட்டத்தில் மணப்பதை மான் கத்திச் சொல்லும். வந்திருப்பது யார் என்று முதலில் ஒரு சத்தம். அப்புறம் எப்போது, எங்கே, எப்படி என்று மிச்சத்தையும் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை சொல்கிறவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. கேட்கிறவரும் முழுக்கக் கேட்காமல் ஓடக் கூடாது.

துடியனுக்கு இந்த மிச்சம்தான் வேப்பங்காய்.

அன்று காலை நெட்டழகி குட்டைக்கு வந்தது. அதன் குட்டி மிளகு, நடக்கப் பழகி ரொம்ப நாள் ஆகவில்லை. தாயின் மடியை முட்டி முட்டிப் பார்த்தது. மடியில் பால் இல்லை. தாய்க்கே தண்ணீர் இல்லை, குட்டிக்குப் பால் எங்கிருந்து வரும்?

நெட்டழகி தண்ணீரில் வாயை வைக்கப் போனது.

"புலி!" என்று கத்தியது துடியன். கத்திய வேகத்தில் அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது.

அவ்வளவுதான்! கூட்டம் முழுவதும் தலைதெறிக்க ஓடியது. முள்ளுக்காட்டுக்குள் புகுந்து மூச்சு வாங்கியது. மிளகு கால் பின்னி விழுந்தே விட்டது.

புலி வரவே இல்லை. வெயில் ஏறிய பிறகு துடியன் அந்தப் பக்கம் வந்தது.

"துடியண்ணே, புலி எங்கே?" என்று கேட்டது நெட்டழகி.

"நேத்து ராத்திரியே போயிடுச்சு தங்கச்சி. காலடித் தடம் அச்சு அச்சா இருக்கு! நான் பார்த்தேன்!"

"நேத்துப் போன புலியா? அதை அப்பவே சொல்லக் கூடாதா?"

"புலின்னு சொன்னேன் இல்லே? புலி போனது உண்மைதானே?" என்றது துடியன். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் மான்கள் மறுபடியும் வந்தன. மிளகால் நிற்க முடியவில்லை. தாயின் காலில் சாய்ந்துகொண்டே நடந்து வந்தது. நெட்டழகியின் நாக்கு தண்ணீரைத் தொட்டது. தொட்டதோடு சரி!

"புலி! புலி!" என்றது துடியன். மறுபடியும் ஒரே ஓட்டம்!

இந்த முறை புலி உண்மையிலேயே இருந்தது. எங்கே? தூரத்துப் பாறை மேல். எப்படி? தின்ற வயிறு தொங்க, நான்கு காலையும் பரப்பிப்போட்டு, குறட்டை விட்டுக்கொண்டு! அந்தப் புலியைத் தாண்டிக் குதித்தால்கூட அது கண்ணைத் திறந்திருக்காது. இது துடியனுக்கு நன்றாகத் தெரியும். பார்த்ததே அதுதானே!

பிறகு துடியன் வாயாலேயே அது வெளிவந்தபோது நெட்டழகிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே! தூங்குற புலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வயிறு நிறையக் குடிச்சிருப்பேன்! உனக்கு வாய் வலிச்சிருக்குமா?"

"புலின்னா புலிதான்! தூங்குது, முழிச்சிருக்கு, கொட்டாவி விடுதுன்னு அதுக்கு ஜாதகம் வேற கணிச்சுத் தரணுமா? உன் உசிரைக் காப்பாத்தினேன். நன்றி சொல்லுவியா, அதை விட்டுட்டு!"

"நீ புலிகிட்டேயிருந்து காப்பாத்துறே. தாகத்துல என் பிள்ளை சாகுது."

துடியனுக்கு ஒரு நிமிடம் என்னவோ போல் இருந்தது. ஆனால் நின்று யோசிக்கிற பழக்கம் அதற்கு ஏது? எங்கோ ஓர் இலை அசைந்தது. என்னவென்று பார்க்கப் பாய்ந்துவிட்டது.

நடுப்பகல் ஆனது. மான்கள் முள்ளுக்காட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன. மிளகு படுத்துவிட்டது. மூக்கு காய்ந்து வெடித்திருந்தது. நெட்டழகி அதை நக்கிக்கொடுக்கப் பார்த்தது. நாக்கிலும் ஈரம் இல்லை. குட்டை அதோ, கண்ணுக்கு எதிரே மினுங்கிக்கொண்டிருந்தது. போகத்தான் தைரியம் இல்லை. "புலி இருக்கும்" என்றும் நம்ப முடியவில்லை, "இருக்காது" என்றும் நம்ப முடியவில்லை. நெட்டழகி எழுந்தது, உட்கார்ந்தது, மறுபடியும் எழுந்தது. பெற்றவள் மனசு எப்படித் துடித்திருக்கும்!

அந்த நேரம் பார்த்துத் துடியன் மரத்தை விட்டு இறங்கியது. கூடவே அதன் மனைவி பூவரசியும் இறங்கியது. பூவரசியின் மார்பில் கைக்குழந்தை ஒட்டிக்கொண்டு பால் குடித்தது. முள்ளுக்காட்டுக்கும் குட்டைக்கும் நடுவே ஓர் உப்பு மண் திட்டு உண்டு. குரங்குகள் அங்கே போய் மண்ணை நக்கும். திட்டுக்கு ஒரு பக்கம் அத்தி மரம், இன்னொரு பக்கம் மருத மரம்.

காற்று திரும்பியது. நெட்டழகியின் மூக்கு விடைத்தது.

சிறுத்தை வாடை! மருத மரத்திலிருந்து வருகிறது! நெட்டழகி உற்றுப் பார்த்தது. மேல்கிளையின் கவட்டையில் இலையோடு இலையாக ஒரு சிறுத்தை ஒட்டிப் படுத்திருந்தது. அதன் கண் குரங்குகள் மேலேயே இருந்தது.

நெட்டழகிக்குள் ஒரு கெட்ட எண்ணம் வந்தது. மறைப்பானேன், வந்தது! 'சிறுத்தைன்னு மட்டும் கத்தலாம். அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டாம். அண்ணனுக்கு அண்ணன் பாணியிலேயே சொன்னா என்ன தப்பு?'

அப்போது பூவரசியின் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தி ஒரு கொட்டாவி விட்டது. வயிறு நிறைந்த குழந்தையின் கொட்டாவி. நெட்டழகி அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டது.

"சிறுத்தை!" என்று கத்தியது.

துடியன் காதில் அது விழுந்ததுதான் தாமதம். ஒரே தாவு! பக்கத்தில் எந்த மரமோ அந்த மரம்!

"மருத மரத்துல! மேல்கவட்டையில! பதுங்கிப் படுத்திருக்கு!"

மிச்சத்தைக் கேட்கத் துடியன் அங்கே இருந்தால்தானே? பூவரசி இருந்தது. முழுக்கக் கேட்டது. குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி அத்தி மரத்தில் ஏறியது. துடியனோ மருத மரத்தில் சரசரவென்று ஏறி, தானாகவே சிறுத்தையின் முகத்துக்கு நேராகப் போய் நின்றது.

"வாங்க வாங்க!" என்றது சிறுத்தை. "நானே இறங்கி வரலாம்னு இருந்தேன். உங்களுக்குத்தான் எவ்வளவு அவசரம்!"

துடியன் அலறிக்கொண்டு குதித்தது. சிறுத்தையின் கை அதைவிட வேகம். துடியன் கீழே விழுந்தது. அதன் அழகான நீள வாலில் பாதி மேலேயே தங்கிவிட்டது.

மான்கள் எல்லாம் சேர்ந்து கால்களைத் தரையில் உதைத்துக் கத்தின. பூவரசியும் உச்சியிலிருந்து கத்தியது. இருக்கும் இடம் ஊருக்கே தெரிந்துவிட்டால் சிறுத்தைக்கு அங்கே வேலை இல்லை. அது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

துடியன் நொண்டி நொண்டி அத்தி மரத்தடிக்கு வந்தது. பூவரசி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டது.

"அவதான் மருத மரம்னு சொன்னாளே! தொண்டை கிழியச் சொன்னாளே!"

"எனக்குக் கேட்கலை..."

"கேட்கலையா? நீ எங்கே நின்னே, கேட்கறதுக்கு?"

 துடியன் நெட்டழகியின் பக்கத்தில் போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே இடத்தில் நின்றது.

"தங்கச்சி, நான் உனக்கு ஒருநாளும் முழுசாச் சொன்னதில்லை. நீ மட்டும் ஏன் சொன்னே?"

"உனக்காக இல்லை அண்ணே. மதினி மார்புல ஒரு குழந்தை இருந்துச்சு."

துடியன் கீழே கிடந்த மிளகைப் பார்த்தது. அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தது. திரும்பிப் போய் அத்தி மரத்தில் ஏறியது. பாதி வாலோடு ஏறுவது கஷ்டமாக இருந்தது. உச்சிவரை போனது.

வெயில் சாயும் நேரம் மான்கள் பயந்து பயந்து குட்டைக்கு வந்தன. நெட்டழகி குனிந்தது.

"புலி!" என்றது துடியன்.

மான்களின் கால்கள் எழும்பின. துடியனின் கால்களும் எழும்பின! பழக்கம் விடுமா? உடம்பெல்லாம் தாவு தாவு என்று பறந்தது. துடியன் இரண்டு கைகளாலும் கிளையைக் கட்டிக்கொண்டது.

"ஓடாதீங்க! இன்னும் முடியலை! நில்லுங்க! எதிர்க்கரைக்கும் அப்பால! நமக்கு முதுகைக் காட்டிப் போகுது! மெதுவாப் போகுது! வயிறு ரொம்பியிருக்கு! காத்து அங்கேயிருந்து இங்கே அடிக்குது, உங்க வாடை அதுக்குப் போகாது!"

கூட்டம் நெட்டழகியைப் பார்த்தது. நெட்டழகி மரத்தைப் பார்த்தது. கிளை ஆடவில்லை. துடியன் அங்கேயேதான் இருந்தது.

நெட்டழகி குனிந்து குடிக்கத் தொடங்கியது.

"படுத்துடுச்சு! வால் ஆடுது! பயப்படாதே, ஈ ஓட்டுது! குடி தங்கச்சி, குடி! தலையைத் தூக்குது... இல்லை இல்லை, கொட்டாவி!"

புலி கண்ணுக்கு எட்டிய தூரத்தில் படுத்திருந்தது. மான்கள் நிதானமாக, வயிறு முட்ட, ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் குடித்தன. பொழுது சாய்வதற்குள் நெட்டழகியின் மடி கனத்தது. மிளகு தள்ளாடி எழுந்து வந்து முட்டியது. அதன் வாயோரம் பால் நுரைத்தது. துடியன் அதையும் மேலிருந்து பார்த்தது. பார்த்து முடிக்கும்வரை அசையவில்லை.

என்ன நடந்தது என்பதை மட்டும் கத்திவிட்டு, எப்போது, எங்கே, எப்படி என்பதை விழுங்கிவிடுகிறவன், உண்மையே பேசினாலும் பொய் பேசுகிறவன் செய்கிற கெடுதலைத்தான் செய்கிறான்.