இறங்கிய கோடு

முதலில் விசிறி மெல்லத்தான் இரையும். பிறகு மேடு ஏறும் வண்டியைப் போல மூச்சு வாங்கும். பிறகு சட்டென்று ஒன்றும் கேட்காது. அழைப்பு அறையின் மூலைக் கணினியிலிருந்து வந்த அந்த ஒலியையும், அதற்குப் பின் வந்த அமைதியையும் பொன்னம்பலநாதன் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் மறக்கவில்லை.

பாளையங்கோட்டையில் தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனம் ஒன்று இருந்தது. கீழ்த்தளத்தில் போன் எடுப்பவர்கள். மாடியில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வலைப்பக்கத்தைக் கட்டுபவர்கள். அழைத்தவரின் முகவரியும் வண்டிகள் போகும் வழியும் அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.

மாடியில் குரு என்றால் நூர்நிஷா. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டு வந்தவள், இளையவள். சீடர் பொன்னம்பலநாதன். மூடிப்போன மில்லிலிருந்து வந்து, தலை நரைத்த பிறகு கணினி நிரல் எழுதக் கற்றவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். அலுவலகம் சிரிக்கும். இருவரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு மத்தியானம், கீழே மூலைக் கணினியில் ஜெபசெல்வி போனில் இருக்கும்போதே அவள் முன்னால் இருந்த பக்கம் உறைந்தது. எழுதிய முகவரி போய்விட்டது. பக்கத்தை மறுபடி திறந்து, திரும்ப அழைத்து, திரும்பக் கேட்டு எழுதி, வண்டி போய்ச் சேர்வதற்குள் செல்லையா என்ற பெரியவர் இறந்துவிட்டார்.

"ஸ்க்ரீன் செத்துப்போச்சு அண்ணாச்சி. நான் என்ன செய்ய?" என்றாள் ஜெபசெல்வி.

மேலாளர் நம்பவில்லை. கவனக்குறைவாக அவளே பக்கத்தை மூடியிருப்பாள் என்றார். மறுநாள் சாயங்காலம் விசாரணை. தவறு அவளுடையது என்று முடிவானால் வேலை போய்விடும்.

பக்கம் கணினியின் நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளப்பது பொன்னம்பலநாதனின் பொறுப்பு. மறுநாள் காலையில் அவர் குருவிடம் போனார்.

"டீச்சர், திறந்திருக்கிற ஒவ்வொரு பக்கமும் தான் பிடிக்கிற இடத்தை, அதான் தன் எடையை, அப்பப்ப நமக்கு அனுப்புது. அதை வெச்சு வரையிற கோடு போன வாரத்துல இருந்து நல்லா இறங்கியிருக்கு. நானே மேலாளர்கிட்ட சந்தோஷமாச் சொன்னேன். ஆனா அந்தப் பிள்ள பொய் சொல்ற ஆள் இல்ல. நான் எதை நம்ப?"

"போன வாரம் பக்கத்துல என்ன மாத்தினோம்?"

"வரைபடம் சேர்த்தோம். வண்டியெல்லாம் புள்ளி புள்ளியா நகருமே, அது."

"சுமை ஏத்தியிருக்கோம். எடை குறைஞ்சிருக்கு."

"நானும் அங்கங்க கொஞ்சம் சுத்தம் பண்ணினேன்ல." குரலில் சிறிது பெருமை இருந்தது.

"பண்ணினீங்க," என்று அவள் எழுந்தாள். "கீழ வாங்க."

கீழே ஆள் மாறும் நேரம். எழுந்தவள் நாற்காலியை விட்டாள், பக்கத்தை மூடவில்லை. அடுத்தவள் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். மூடித் திறப்பதற்குள் ஓர் அழைப்பு நழுவிவிடும் என்று அந்த அறையில் யாரும் மூடுவதில்லை. ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். பக்கம் நாள்கணக்கில் திறந்தே கிடக்கும். எப்போதோ போய்ச் சேர்ந்த வண்டிகளின் புள்ளிகளையும் விடாமல் பிடித்துக்கொண்டு வீங்கும்.

சுவரில் ஒரு பலகை. நோயாளிகள் வீடு திரும்பிய பிறகு அவர்களுக்குப் போன் செய்து, வண்டி நேரத்துக்கு வந்ததா என்று கேட்டு எழுதுவார்கள். பலகை முழுக்க 'வந்தது', 'வந்தது' என்றே இருந்தது.

நூர்நிஷா போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"செல்லையா நம்பர் இதுல இருக்கு. வண்டி நேரத்துக்கு வந்ததான்னு அவர்கிட்ட கேளுங்க."

"என்ன பேச்சு டீச்சர் இது. அவர்தான் இறந்துட்டாரே."

"அப்ப அவர் பதில்?"

"வராது."

"பலகையில?"

அவர் பலகையைப் பார்த்தார்.

பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பாமலே சொன்னாள்: "எங்க பலகையில இதுவரைக்கும் ஒரு குறை ஏறினது இல்ல அண்ணாச்சி. சொல்ல வேண்டியவுகதான் போய்ச் சேந்துட்டாவளே."

யாரும் சிரிக்கவில்லை.

பொன்னம்பலநாதன் போனை வைத்தார். வைத்த கை அங்கேயே இருந்தது.

"ரொம்ப வீங்கின பக்கம் எடை சொல்றதுக்கு முன்னாலேயே செத்துப்போகுது," என்றார். "பிழைச்சுக் கிடக்கிறது மட்டும்தான் சொல்லுது. வரைபடம் ஏறினதும் நிறைய செத்திருக்கு. அதான் கோடு இறங்கியிருக்கு."

"ம்."

"நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கேன்."

அவள் மாடிப்படியின் பக்கம் திரும்பினாள்.

சாயங்காலம் விசாரணையில் ஜெபசெல்வி சுவர் ஓரமாக நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பொன்னம்பலநாதன் எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி. அந்தப் பக்கம் செத்தப்ப அதோட எடை எவ்வளவு?"

"தெரியாது சார். செத்த பக்கம் அனுப்பாது."

"போன வாரம் ஒரு கோடு காட்டுனீங்களே. அது அனுப்பினது தானே?"

"ஆமா சார்."

"அதுல கோளாறு இருந்ததா?"

"இல்ல."

"கையில இருக்கிற அளவை விட்டுட்டு, இல்லாத அளவை எப்படி ஏத்துக்கிறது? நீங்களே சொல்லுங்க."

அவர் ஜெபசெல்வியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, "பரவால்ல அண்ணாச்சி" என்றாள்.

இருட்டுவதற்குள் அவர் மாடிக்கு வந்தார். நூர்நிஷா தன் இடத்தில் இருந்தாள். முடிவை அவள் கேட்கவில்லை.

"ஒண்ணு செய்யலாம் டீச்சர். பக்கம் திறந்ததும், திறந்துட்டேன்னு ஒரு சேதி அனுப்பணும். அப்புறம் விடாம, இருக்கேன், இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். மூடினா, மூடிட்டேன்னு சொல்லணும். மூடாமலே பேச்சு நின்னா, செத்துப்போச்சுன்னு எண்ணிக்கலாம்."

"நல்ல யோசனை. வைங்க."

"இன்னிக்கே வைக்கிறேன்." அவர் நாற்காலியை இழுத்தார். உட்காராமல் அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார். "வெச்சா, அந்தப் பிள்ளையோட பக்கமும் அந்தக் கணக்குல வருமா?"

"வெச்ச நாள்ல இருந்துதான் அண்ணாச்சி அது எண்ணும்."

வேலை போன ஜெபசெல்விக்கு அதன் பிறகு எந்த அழைப்பு அறையிலும் வேலை கிடைக்கவில்லை. திருப்பூருக்குப் போய், ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்தாள்.