வெறும் பானைப் புகை

அந்த போனை இப்படிக் குடு. போதும் பார்த்தது. எத்தனை தடவை பார்த்தாலும் உங்கம்மா அந்த போட்டோவுக்குள்ளேயிருந்து இறங்கி வரப் போறாளா? இந்தா தலகாணி, பெரியம்மா பக்கம் திரும்பிப் படு. பொறந்த நாளும் அதுவுமா அழுத கண்ணோட தூங்கக் கூடாது, தாரிணி. நான் ஒரு கதை சொல்றேன். நீ "ம்" கொட்டணும். நிறுத்துனா நானும் நிறுத்திடுவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஆறு. அந்தக் கரையில ஒரு அக்கா, இந்தக் கரையில ஒரு தங்கச்சி. அக்கா பேரு காத்தாயி, தங்கச்சி பேரு சிட்டு. அம்மா அப்பா சின்ன வயசுலேயே போய்ச் சேர்ந்துட்டாங்க. அக்காதான் சிட்டுவை இடுப்புல தூக்கி வளர்த்தவ. ஒரு நாள் சிட்டு தெருவுல தவழ்ந்துக்கிட்டு இருக்கா, அப்போ ஒரு மாட்டு வண்டி தடதட தடதடன்னு வருது. அக்கா பாய்ஞ்சு போய் புள்ளைய வெடுக்குன்னு இழுத்தா பாரு. புள்ள தப்பிச்சுது, அக்காவோட இடது கால் சுண்டுவிரல் சக்கரத்துல போயிடுச்சு. அன்னையிலேர்ந்து அந்தக் காலுக்கு நாலே விரல். மண்ணுல நடந்தா நாலு விரல் தடம்தான் விழும். இதை ஞாபகம் வச்சுக்கோ, அப்புறம் வரும்.

"அக்காவுக்கு வலிச்சுதா?"

வலிக்காம இருக்குமா? ஆனா சிட்டு கேக்குறப்பல்லாம், "எறும்பு கடிச்ச மாதிரிதான்டி இருந்துச்சு"ன்னு சொல்லிடுவா. அக்காமாருங்க எல்லாம் அப்படித்தான், பொய்யா சொல்லித் தள்ளுவாளுங்க.

அப்புறம் ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சு. நடுவுல ஆறு சலசலன்னு ரெண்டு ஆள் ஆழத்துக்கு ஓடுது. பரிசல் என்னைக்காவதுதான் வரும். அப்போ பிரியுற அன்னைக்கு அக்கா தங்கச்சிக்கு ஒரு மரத்தொட்டிலைக் குடுத்தா. செவப்பும் பச்சையுமா வர்ணம் பூசினது, சிட்டு படுத்துக் கிடந்த அதே தொட்டில். "உன் புள்ளைய இதுல போட்டு ஆட்டு"ன்னா. குடுத்துட்டு, "தினம் காலையில அடுப்பு மூட்டுவேல்ல, அந்தப் புகையைப் பார்ப்பேன். புகை வந்தா நீ நல்லா இருக்கே. வரலைன்னா நான் ஓடி வந்துடுவேன்"னா. சிட்டுவும், "உன் வீட்ல வரலைன்னா நான் ஓடி வந்துடுவேன்க்கா"ன்னா.

அன்னையிலேர்ந்து விடிஞ்சா அந்தக் கரையில குபுகுபுன்னு ஒரு புகை, இந்தக் கரையில குபுகுபுன்னு ஒரு புகை. சிட்டு கொல்லையில நின்னு பார்ப்பா. "ஆங், அக்கா எந்திரிச்சுட்டா, அக்கா உலை வச்சுட்டா"ன்னு சிரிச்சுக்குவா. வேற ஒண்ணும் வேண்டாம் அவளுக்கு.

"ம்."

சும்மா இருக்குமா ஊரு? ரெண்டு கரையிலயும் ஜனங்க வாயில வேப்பங்குச்சியை வச்சுக்கிட்டு வந்து நிக்க ஆரம்பிச்சாங்க. "அடேங்கப்பா, அக்கா வீட்ல என்ன புகை! இன்னைக்கு வடை போல." "தங்கச்சி வீட்ல பாரு, பாயசமாத்தான் இருக்கும்." கொஞ்சம் மெல்லிசா வந்தா, "ப்ச், இன்னைக்கு வெறும் கஞ்சி"ன்னு துப்பிட்டுப் போயிடுவாங்க. பல்லு வெளக்குறமோ இல்லையோ, அடுத்தவ அடுப்பைப் பார்த்தாகணும். அப்போ சிட்டுவுக்கும் அது காதுல விழும். விழ விழ, கஞ்சி காய்ச்சுற அன்னைக்கும் ரெண்டு வெறகு கூட வைப்பா.

அப்புறம் மழை நின்னு போச்சு. ஒரு வருஷம் இல்ல, மூணு வருஷம். வயலு வெடிச்சுது. சிட்டு புருஷன் மாட்டை ஓட்டிக்கிட்டு மேக்க வேலை தேடிப் போனான், போனவன் போனவன்தான். புள்ளையும் பொறக்கல, தொட்டில் பரண்ல கிடந்துச்சு. அக்கா புருஷன் அதுக்கு முன்னாடியே செத்துட்டான், ஆனா நிலம் நிறைய. அதனால அக்காவுக்கு ஒரு குறையும் இருக்காதுன்னு சிட்டு நினைச்சா. ஆறும் வத்திப் போச்சு. ஒரே மணல். பரிசலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஒரு நடை நடந்தா அக்கா வீடு.

"அப்போ போயிடலாம்ல?"

போயிடலாம். நானும் அதைத்தான் கேக்குறேன். போகலையே ரெண்டு பேரும்.

ஒரு நாள் காலையில சிட்டு பானையைத் தொறந்தா, ஒரு பொட்டு மாவு இல்ல. அப்போ அந்தக் கரையில அக்கா வீட்டுப் புகை குபுகுபுன்னு எழும்புது. சிட்டு யோசிச்சா. 'நம்ம அடுப்பு எரியலைன்னா அக்கா துடிச்சுப் போய் ஓடி வருவா. நல்லா இருக்கறவளை எதுக்கு அழ வைக்கணும்?' அப்படின்னு ஒரு நினைப்பு. 'கரையில நிக்கிறவங்க என்ன பேசுவாங்க?' அப்படின்னு இன்னொரு நினைப்பு. எது பெருசுன்னு அவளுக்கே தெரியல. அப்போ பச்சை மட்டையை வெட்டி அடுப்புல திணிச்சு, மேல வெறும் பானையை வச்சு, ஃபூ ஃபூன்னு ஊதுனா. பச்சை மட்டைக்குப் புகை கேக்கணுமா? கரையில சத்தம் வருது, "அடேங்கப்பா, இன்னைக்கு விருந்து!" சிட்டு கண்ணுல தண்ணி. புகையாலதான்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா.

மட்டை தீர்ந்து போச்சு. அப்புறம் வேலியைப் பிடுங்கி எரிச்சா, படபட படபடன்னு எரிஞ்சுது. அப்புறம் கயித்துக் கட்டில். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை எதிர்வீட்டுக்காரி வடிச்சு ஊத்துற கஞ்சித்தண்ணியை, "மாட்டுக்கு"ன்னு சொல்லி வாங்கிட்டு வந்து குடிச்சா. மாடு எங்க இருக்கு? அதுதான் மேக்க போயிடுச்சே.

"ம்."

அதுக்கப்புறம் எரிக்க ஒண்ணும் இல்ல. அன்னைக்கு அக்கா வீட்ல ஒரு புகை வந்துச்சு பாரு, மேகம் மாதிரி. கரையில நின்னவங்க, "அக்கா வீட்டைப் பாரு, தங்கச்சி வீட்டுப் புகை சோனியா இருக்கே"ன்னாங்க. அது சிட்டுவுக்கு ராத்திரி முழுக்கக் காதுல ரீங்காரம் போட்டுச்சு. விடிஞ்சதும் பரண்ல ஏறினா. தொட்டிலை இறக்குனா. ஒரு தடவை ஆட்டிப் பார்த்தா. கிரீச் கிரீச்சுனுச்சு. மடியில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தா. அப்புறம் ஒவ்வொரு காலா உடைச்சு அடுப்புல வச்சா.

பழைய மரம், வர்ணம் பூசின மரம். புகை கருகருன்னு வானம் வரைக்கும் போச்சு. அப்படி ஒரு புகையை ரெண்டு ஊரும் பார்த்தது இல்ல. "தங்கச்சி வீட்ல வளைகாப்பு போலிருக்கு!"ன்னு கத்துறாங்க. அந்தப் புகையில எதிர்க்கரையே தெரியல. அன்னைக்கு அக்கா வீட்ல புகை வந்துச்சா வரலையான்னு சிட்டு பார்க்கவே இல்ல.

மறுநாள் பார்த்தா, அக்கா வீட்டுப் பக்கம் வானம் வெறிச்சுன்னு இருக்கு. புகை இல்ல.

"ஓடிப் போகணும்! அக்கா சொன்னாள்ல!"

ஆமாடி என் ராசாத்தி, ஓடிப் போகணும். சிட்டுவும் எந்திரிச்சா. ரெண்டு எட்டு வச்சா, நின்னுட்டா. 'இத்தனை நாளா விருந்து சமைச்சவ, அக்கா வீட்டுக்கு வெறுங்கையோட எப்படிப் போறது?' அப்படின்னு எதிர்வீட்டுக்காரிகிட்ட ஓடுனா. "ஒரு கை கேழ்வரகு குடு, அக்காவைப் பார்க்கப் போறேன்"னா. எதிர்வீட்டுக்காரி கெக்கெக்கேன்னு சிரிச்சா. "உன் வீட்டுப் புகையில ஊரே இருமுது, நீ எங்கிட்ட கேழ்வரகு கேக்குறியா? கேலி பண்ணாதே போடி." குடுக்கல. அவளைச் சொல்லிக் குத்தம் இல்ல.

ரெண்டாம் நாளும் புகை இல்ல. சிட்டு கீரையாவது பறிச்சுட்டுப் போவோம்னு வரப்பு வரப்பா அலைஞ்சா. மொறுமொறுன்னு காஞ்ச சருகுதான். மூணாம் நாளும் புகை இல்ல. வெறுங்கையாவது ஒண்ணாவதுன்னு ஓடுனா பாரு, ஆத்து மணல்ல பொத்து பொத்துன்னு விழுந்து எந்திரிச்சு ஓடுறா.

ஆத்துக்கு நட்ட நடுவுல வந்து நின்னா. ஏன் நின்னா? மணல்ல காலடித் தடம். காத்தே இல்லாத கோடைதானே, அழியாம அப்படியே இருக்கு. அந்தக் கரையிலேர்ந்து வந்திருக்கு. இடது காலுக்கு நாலே விரல்.

"அக்கா!"

அக்காதான். நடு ஆறு வரைக்கும் வந்திருக்கா. வந்து, ஒரே இடத்துல ரொம்ப நேரம் நின்ன மாதிரி மணல் அழுந்தியிருக்கு. அப்புறம் அந்த நாலு விரல் தடம் திரும்பிப் போயிடுச்சு. சிட்டு அந்தத் தடத்துல நின்னுக்கிட்டுத் திரும்பி தன் வீட்டைப் பார்த்தா. அங்கேயிருந்து அவ வீட்டுக் கூரை பளிச்சுன்னு தெரியுது. புகை வந்தா அதைவிட நல்லாத் தெரியும்.

தாரிணி?

தாரிணி... தூங்கிட்டியா? "ம்" காணோம். தூங்கினா நல்லதுதான். இனிமே வர்றது உனக்கு வேண்டாம். ஆனா ஆரம்பிச்ச கதையைப் பாதியில விட எனக்கு மனசு வரல.

சிட்டு அக்கா வீட்டுக்குப் போனா. வேலி இல்ல. கதவு இல்ல. கட்டில் இல்ல. அடுப்புல அரைகுறையா எரிஞ்ச பச்சை மட்டை, அதுக்கு மேல ஒரு வெறும் பானை. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிடுச்சு. இந்தப் பானையை அவளுக்குத் தெரியாதா? இதே பானைதானே அவ வீட்லயும்.

அக்கா தரையில சுருண்டு கிடந்தா. மூச்சு மட்டும் ஓடுது. தலையை மடியில எடுத்து வச்சா. அக்கா கண்ணைத் தொறந்து, "வந்துட்டியாடி"ன்னா. "வெறுங்கையோட வந்துட்டேன்க்கா." "நான் அன்னைக்கே வந்தேன்டி. பாதி ஆறு வந்தேன். பசி தாங்கல, உங்க வீட்ல ஒரு வாய் கஞ்சி கேக்கலாம்னு வந்தேன். பார்த்தா கருகருன்னு அவ்வளவு புகை. விசேஷ வீட்ல போய்ப் பிச்சைக்காரி மாதிரி எப்படி நிக்கிறதுன்னு திரும்பிட்டேன். என்னடி விசேஷம்?"

சிட்டு சொன்னா. "விசேஷம் இல்லக்கா. அது நீ குடுத்த தொட்டில். இத்தனை நாளா நானும் வெறும் பானையைத்தான் அடுப்புல வச்சேன்."

அக்கா அவ கன்னத்தைத் தடவி, "அடி பைத்தியக்காரி, முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா பட்டினி கிடந்திருக்கலாமே"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. உச்சிப் பொழுதுக்குள்ள போயிட்டா.

அப்புறம் அந்த ஊர்க்காரங்க நாலு பேரு வந்து தூக்கினாங்க. ஆத்தங்கரையிலேயே அடுக்கி, சிட்டுதான் தீ வச்சா. புகை எழும்புச்சு. அப்போ இந்தக் கரையில நின்னவங்க நெத்தியில கையை வச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்களாம், "அடேங்கப்பா! இன்னைக்கு அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து என்னமோ பெருசா சமைக்கிறாளுங்க."

இதுதான்டி கதை. வேற ஒண்ணும் இல்ல.

நீ நல்லாத் தூங்குறே. மூக்கு அடைச்சிருக்கு, அழுது அழுது. காலையிலேர்ந்து "அம்மா வேணும்"னு அழுதே. கேக்கு வெட்டுறப்பவும் அழுதே. நான் என்ன பண்ணினேன்? மூஞ்சியைக் கழுவி, பவுடர் போட்டு, "அம்மா பார்ப்பா, சிரி சிரி"ன்னு மிரட்டி பதினோரு போட்டோ எடுத்தேன். ஒண்ணுல சிரிச்சிருந்தே. அதை ஸ்டேட்டஸ்ல போட்டேன். ரெண்டே நிமிஷத்துல, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன உங்கம்மா பத்து ஹார்ட் அனுப்பிட்டா. கூடவே அவ போட்டோ, பெரிய கட்டடத்துக்கு முன்னாடி நின்னு. அந்தக் கூலிங் கிளாஸ் அவளோடது இல்ல. அந்தச் சுடிதாரை மூணு மாசமா நானும் பார்க்குறேன். மணிக்கட்டுல கைக்குட்டையைச் சுத்தியிருக்கா. என் தங்கச்சி என்னைக்குக் கையில கைக்குட்டை கட்டுனா? இஸ்திரிப் பெட்டி சுட்டுச்சா, எண்ணெய் கொட்டுச்சா, நானும் கேக்கல. "சூப்பர்டி"ன்னு எழுதி அனுப்பிட்டேன்.

நாளைக்குக் காலையில போன் போடுவோம். போட்டோ கிடையாது. உனக்கு அழுகை வந்தா அழு, அவ கேக்கட்டும். நானும் சொல்றேன், புள்ள சரியாவே சாப்பிட மாட்டேங்குறா, என்னால தனியா முடியலடின்னு. அப்புறம் அவ கைக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறேன். அவ என்ன சொல்றாளோ. இந்நேரம் அவ எந்த ஆத்துல பாதி தூரம் வந்து நிக்கிறாளோ, யாரு கண்டா.

கதை கரையேறிடுச்சு, பாப்பா. நீ தூங்கு.