காணாமற் போனது கடலன்று

புயலில் சிக்கிய மீனவர் சூசையின் படகைத் தேடி, மீட்பு நிலையத்தார் ஆளில்லா விமானமொன்றை அனுப்பினர். தலைமை அதிகாரி தணிகாசலம், "கடல் முழுவதும் படமாக வரவேண்டும், ஓர் அலைகூட விடுபடக் கூடாது!" என்று முழங்கினார். விமானத்திலிருந்து படம் வந்துசேரும் அலைவரிசையோ மிக மெலிந்திருந்தது. அத்தனை பெரிய படம் வந்து சேர்வதற்குள் படகு மூழ்கிவிடும்.

பயிற்சிக்கு வந்திருந்த லூர்து மெல்லச் சொன்னாள்: "கடல் காணாமப் போகலீங்க ஐயா. படகைத்தானே காணோம்?"

"வாய்த்துடுக்கா?"

"இல்லீங்க. வெறும் தண்ணியில வேறா இருக்கறது படகு ஒண்ணுதான். முழுப் படம் வேண்டாம்; பரப்பு முழுக்க வர்ற ஒளியைப் பல விதமாக் கலந்து அளந்த கொஞ்ச எண்கள் வந்தாப் போதும். அதுல இருந்து படகு இருக்கற இடத்தைக் கணக்கே காட்டிரும்."

வாசலில் நின்ற சூசையின் மனைவி கைகூப்பினாள். அதிகாரி இசைந்தார். சற்றைக்கெல்லாம் திரையில் ஒரு வெண்புள்ளி தோன்றியது. மீட்புக்குழு அவ்விடத்துக்கு விரைந்தது.

"ஆள் உசிரோட இருக்காரு!" என்றது ஒலிபெருக்கி.

அதிகாரிக்கு மனம் ஆறவில்லை. "படத்தில் வேறொன்றுமே இல்லையே!"

திரையருகே வந்து புள்ளியை விரலால் வருடியவாறு சூசையின் மனைவி சொன்னாள்: "எனக்கும் வேற ஒண்ணும் இல்லீங்க ஐயா."