புறங்கை எண்ணெய்

"பொண்டாட்டி தலைமுடி காய்ஞ்சு வைக்கோலாட்டம் ஆயிட்டு, தாயி. ஒரு எண்ணெய் குடுங்க," என்றார் குத்தாலிங்கம்.

உலகம்மை அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எண்ணெய் குடுக்கிறதில்ல. காய்ச்சச் சொல்லித் தாரேன்."

மலையடிவாரத்தில், ஓடைக்கு இந்தப் பக்கம், ஓலை வேய்ந்த ஒற்றை அறை. அதில் தனியாக இருந்தாள். வயது முப்பத்திரண்டு. தலையை மழித்திருந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் வந்ததில்லை.

முடிக்கு எண்ணெய் காய்ச்சக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்தார்கள். சிலர் வேறு எதையோ கற்றுக்கொண்டு போனார்கள்.

குத்தாலிங்கத்துக்கு நாற்பத்தெட்டு. மரம் அறுக்கும் மில்லில் மேஸ்திரி. அடுத்தவரை வேலை வாங்கியே பழகியவர்.

அவள் தலையைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க தலையிலயே ஒண்ணும் இல்லையே?"

"அதான் அண்ணாச்சி, காய்ச்சினதெல்லாம் மிச்சமாவுது."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு மாதமாக எதற்கும் வரவில்லை.

"எத்தனை நாளா எண்ணெய் வைக்கல அவங்க?"

"மாசியிலேருந்து."

"மாசியில என்ன?"

"மக போயிட்டா. ஆவுடை. பதினாறு வயசு. காய்ச்சல்னு கொண்டு போனோம். மூணாம் நாள் துணியில சுத்திக் கொண்டாந்தோம்."

உலகம்மை அம்மியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னையிலேருந்து சொர்ணம் ஒரு வார்த்தை பேசல. சோறு வச்சா ரெண்டு உருண்டை. மிச்சத்தக் கோழிக்குப் போட்டுருதா. தலையில சீப்பு இறங்க மாட்டேங்கு. சிக்குப் பிடிச்சு, உரிச்ச தேங்கா மட்டை மாதிரி கிடக்கு. முடியச் சரி பண்ணிட்டா ஆளும் சரியாயிருவா. இல்லன்னா இந்த ஆடி தாண்ட மாட்டா. எனக்குத் தெரியுது, தாயி."

"அவங்க எண்ணெய் கேட்டாங்களா?"

"பேசுறதே இல்லங்கேன்."

"சரி. உட்காருங்க."

வெந்தயத்தை முந்தின நாளே ஊறப்போட வேண்டும். அதோடு செம்பருத்தி இலை, கறிவேப்பிலை, சோற்றுக் கற்றாழை. எல்லாவற்றையும் மையாக அரைத்து, செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயில் கரைத்து, சிறு தீயில் வைக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம்?"

"சத்தம் அடங்குற வரைக்கும்."

"மணிக்கணக்குல சொல்லுங்க."

"சட்டிக்கு மணி பாக்கத் தெரியாது அண்ணாச்சி. உள்ள தண்ணி இருக்குற வரைக்கும் சடசடன்னு பேசும். தண்ணி போச்சுன்னா பேச்சு நிக்கும். அப்ப இறக்கணும். முந்தினா ஊசிரும். பிந்தினா கருகிரும்."

"நின்னுட்டுன்னு எப்படித் தெரியும்?"

"அடியில கிடக்க வண்டல எடுத்துத் திரி மாதிரி உருட்டுங்க. தீயில காட்டுங்க. வெடிச்சா இன்னும் தண்ணி இருக்கு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

ஐந்தாம் நாள் ஒரு பாட்டிலோடு வந்தார்.

உலகம்மை மூடியைத் திறந்தாள். மோந்து பார்த்து மூடினாள்.

"எப்ப இறக்கினீங்க?"

"சத்தம் நின்ன மாதிரி இருந்துச்சு."

"திரி உருட்டிப் பாத்தீங்களா?"

"அதான் நின்ன மாதிரி இருந்துச்சே."

அவள் பாட்டிலை அவரிடமே கொடுத்தாள்.

அடுத்த வாரம் இன்னொரு பாட்டில். எண்ணெய் கறுப்பாக இருந்தது. தீய்ந்த வாடை.

"சத்தம் நின்னது கேக்கலையா?"

"பக்கத்துல இல்ல. மில்லுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தேன்."

"லீவு போட்டிருக்கேன்னு சொன்னீங்க."

அவர் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடுப்பு முன்னால சும்மா உட்கார முடியல, தாயி. வீட்டுக்குள்ள அவ கிடக்கா. அடுப்படியில நான். சட்டி மட்டும் பேசுது. அதக் கேட்டுக்கிட்டு எப்படி உட்கார?"

"ம்."

"நீங்களே ஒரு சட்டி காய்ச்சிக் குடுத்தா என்ன? கையில வித்தை இருக்கு. கேக்குறவனுக்குக் குடுக்க மனசு இல்ல."

"என் வீட்டுக்குள்ளயா அவங்க கிடக்காங்க?"

அவர் கோபத்தோடு எழுந்து போனார். ஓடையைத் தாண்டும்போது, "மொட்டச்சி," என்று சொன்னது உலகம்மைக்கும் கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, காலை வெயில் ஏறும் முன் குத்தாலிங்கம் அடுப்பைப் பற்றவைத்தார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. சட்டி பேசியது. ஆவுடை பேசுவது போல இடைவெளி விடாமல் பேசியது. இரண்டு தடவை எழப் பார்த்து, இரண்டு தடவையும் உட்கார்ந்தார். பேச்சு மெலிந்தது. விட்டு விட்டு வந்தது. பிறகு வரவில்லை.

வண்டலை எடுத்துத் திரியாக உருட்டித் தீயில் காட்டினார்.

வெடிக்காமல் எரிந்தது.

அன்று மத்தியானம் உலகம்மை செம்பருத்தி இலை பறித்துக்கொண்டிருந்தபோது ஓடைக்கு அந்தப் பக்கம் ஆள் ஓடிவருவது தெரிந்தது. செருப்பு இல்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"எண்ணெய் பக்குவமா வந்துட்டு, தாயி," என்றார். அழுதார்.

"கை என்ன?"

"சந்தோசத்துல துணியில்லாம சட்டியத் தூக்கிட்டேன். கை கிடக்கட்டும். நான் பண்ணின காரியத்தக் கேளுங்க."

"சொல்லுங்க."

"ஆற வச்சு எடுத்துட்டுப் போனேன். சொர்ணம் தடுக்கல. தலையக் குடுத்தா. உள்ளங்கை இப்படி இருக்கா? நான் யோசிக்கவே இல்ல. புறங்கையில தொட்டு உச்சியில வச்சிட்டேன்."

செம்பருத்திச் செடியில் உலகம்மையின் கை நின்றது.

அந்தப் பக்கத்தில் செத்தவர்களைக் குளிப்பாட்டும் முன் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெய் வைப்பார்கள். புறங்கையால் வைப்பார்கள். ஆளுக்கு மூன்று தடவை. உயிரோடு இருக்கிறவர் தலையில் யாரும் புறங்கையால் எண்ணெய் வைக்கமாட்டார்கள்.

"பேசினா, தாயி. நாலு மாசம் கழிச்சு வாயத் திறந்தா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிப் பாய விரிச்சா. தெக்க தலைய வச்சுப் படுத்தா. ரெண்டு காலையும் சேத்து வச்சுக்கிட்டா. கண்ண மூடிக்கிட்டா. 'இன்னும் ரெண்டு தடவை இருக்கு, வச்சிருங்க'ன்னா."

உலகம்மை செடியை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சாதாரணமாச் சொன்னா, தாயி. கதவச் சாத்துங்கன்னு சொல்லுற மாதிரி." அவர் அவள் முகத்தையே பார்த்தார். "இதுக்கு என்ன பரிகாரம்? எந்தக் கோயிலுக்குப் போகணும்? என்ன செய்யச் சொன்னாலும் செய்யுதேன்."

"ஆவுடைக்கு நீங்க எத்தனை தடவை வச்சீங்க?"

அவர் மாறிப் போட்ட சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"அண்ணாச்சி, கேக்கேன். எத்தனை தடவை?"

"வைக்கல."

"ஏன்?"

"அப்பன் வந்து வையின்னு கூப்பிட்டாங்க. நான் தெருவுல பந்தக்காலப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மூணு தடவை கூப்பிட்டாங்க. உள்ள போகக் கால் வரல."

"பெறவு?"

"சொர்ணம் வச்சா. அவளுக்கு மூணு. எனக்குப் பதிலா மூணு."

உலகம்மை பறித்த இலைகளைக் கீழே வைத்தாள்.

"இப்ப அவங்க பக்கத்துல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். ஓடைச் சேறு அப்பியிருந்தது. வீடு ஒன்றரை மைல்.

ஓடினார்.

கதவு அவர் விட்டுப்போனபடியே திறந்து கிடந்தது. சொர்ணமும் அப்படியே கிடந்தாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று வாசலிலிருந்து தெரியவில்லை. தெரிந்துகொள்ள நாலு எட்டு உள்ளே போக வேண்டியிருந்தது.

போனார்.

மூச்சு இருந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்தார். கிண்ணத்தை எடுத்து எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினார். உடைந்த கொப்புளத்துக்குள் எண்ணெய் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கையை அவள் உச்சியில் வைத்து அழுத்தினார்.

"ரெண்டு," என்றாள் சொர்ணம், கண் திறக்காமல்.

மறுபடி ஊற்றினார். மறுபடி வைத்தார்.

"மூணு. அவ்வளவுதான். எடுங்க கைய."

அவர் கையை எடுக்கவில்லை. சிக்கு விழுந்த முடிக்குள் விரல்கள் போய் மாட்டிக்கொண்டன. உரிந்த தோல் முடியில் ஒட்டியது.

"ஆவுடைக்கு நான் வைக்கல, சொர்ணம்," என்றார்.

அவளது மூடிய இமைக்குள் கண்மணி அசைவது தெரிந்தது.

கிண்ணத்தைச் சாய்த்தார். பாதி எண்ணெய் பாயில் சிந்தியது. மிச்சத்தை ஏந்தி உச்சியில் வைத்தார். வைத்த இடத்திலேயே தேய்த்தார்.

வெகுநேரம் வீட்டில் சத்தமில்லை. அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாலு," என்றாள் சொர்ணம்.