விடு என்னும் துளி

மழை சொன்ன நாளுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு காலத்திலே, ஒரு மலையடிவாரத்தில் நாச்சாயி என்றொரு வைத்தியச்சி இருந்தாள். அவளிடம் பாடம் கேட்ட ராக்கியப்பனுக்கு அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல். அவன் அவளைக் குருவம்மா என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். அந்த வீட்டில் அது யாருக்கும் வேடிக்கையாகப் பட்டதில்லை.

அன்று மலைக்கு அந்தப்புறத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். போன மாதம் அந்த ஊர்க்காரன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். காலில் ஆணி குத்திய புண். வந்து சேர்வதற்குள் தாடை பூட்டி, உடம்பு வில்லாய் வளைந்துவிட்டது. காப்பாற்ற முடியவில்லை.

"குத்தின அன்னைக்கே புண்ணைக் கழுவ ஒரு ஆளு இருந்திருந்தா பொழைச்சிருப்பானுங்க. உங்க சீடரை எங்க ஊருக்குக் குடுங்க அம்மணி" என்றார் பெரியவர்.

நாச்சாயி சரி என்றுவிட்டாள்.

ராக்கியப்பன் கல்வக் கல்லில் குழவியை உருட்டி மருந்தை அரைத்துக்கொண்டே இருந்தான்.

"மருந்து மசிஞ்சு ரொம்ப நேரமாச்சுங்கண்ணா. இனி கல்லுதான் மசியணும்."

குழவி நின்றது. "எனக்குப் பாடம் முடியலீங்க குருவம்மா. அந்த ஆளு உடம்பு ஏன் அப்படி முறுக்குச்சுன்னே தெரியாது. நான் போய் என்னத்தைப் பார்க்கறது?"

"நரம்பும் நரம்பும் ஒட்டிக்கிட்டு இல்லீங்கண்ணா. நடுவுல மயிரிழையைவிடச் சின்னதா ஒரு சந்து. இந்த நரம்பு ஒரு துளி சுரக்கும். அது சந்தைத் தாண்டிப் போய் அடுத்த நரம்போட வாசலைத் தட்டும். ஒரு துளி 'பிடி'ன்னு சொல்லும். இன்னொரு துளி 'விடு'ன்னு சொல்லும். அந்தப் புண்ணோட நஞ்சு, 'விடு'ங்கற துளியைச் சுரக்கவிடாமக் கட்டிப்போட்டுது. எல்லாச் சதையும் ஒண்ணா இறுகிப்போச்சு."

"'பிடி' இருந்துச்சுல்ல? பிடிக்கறதுதானுங்க பலம்?"

அவள் உள்ளே போய் ஒரு தம்ளர் நிறைய மோர் கொண்டுவந்தாள்.

"குடிங்க. ஆனா கையோட முன்சதை, பின்சதை ரெண்டையும் இறுக்கிக்கிட்டே குடிக்கோணும்."

ராக்கியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு வலக்கையை மடக்கினான். கை வெடவெடவென்று நடுங்கியது. சிந்தியதில் மீசையில் பாதி, வேட்டியில் பாதி. வாய்க்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

"எங்க ஊர்ல மோரை வாயில குடிப்போமுங்க" என்றார் பெரியவர்.

ராக்கியப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இப்பப் பின்சதையை விடுங்க."

விட்டான். தம்ளர் தானாக வந்தது போல உதட்டில் வந்து நின்றது. மிச்சம் இருந்ததைக் குடித்துவிட்டுத் தலை குனிந்தான்.

"நான் போயிட்டா உங்களுக்கு மருந்து அரைக்க யாருங்க?"

"யாரும் இல்லை."

"எம்மேல பாசமே இல்லீங்களா? இத்தனை லேசாப் போகச் சொல்றீங்க?"

நாச்சாயி துண்டை எடுத்து நீட்டினாள்.

"மீசையைத் தொடைங்கண்ணா. காத்தாலே இருந்து எனக்குள்ள 'பிடி'ங்கற துளி நிக்காமச் சுரக்குது. நல்லவேளை, இன்னொண்ணும் சுரக்குது."

அவன் மீசையைத் துடைத்தான். கண்ணையும் துடைத்தான். மூட்டையைத் தோளில் மாட்டி வாசலைத் தாண்டினான்.

"அண்ணா, குழவி."

குனிந்து பார்த்தான். இடக்கையில் அப்படியே இருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. குழவியை அவள் கையில் வைத்துவிட்டு, வண்டியை நோக்கி நடந்தான்.