ராஜாவுக்கு முகம் கொடுக்காத நெருஞ்சி

ஊருக்கொரு ராஜா இருந்த காலம் அது. கடலோரத்துக் கானல் நாட்டைத் திரையமான் என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் எதிரே நிற்கிற எவரும் தம் முகத்தையே பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஒரு பைத்தியம்.

ஒருநாள் காலை, மந்திரி நல்லாதனாரோடும் அவைப்புலவர் விடங்கரோடும் கடற்கரைக் காட்டுக்கு உலாப் போனார். உடைமரங்களுக்கு நடுவே மணலே தெரியாமல் நெருஞ்சி படர்ந்து, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. ராஜாவுக்கு ஒரே குஷி! கிட்டே போனதும் முகம் சுருங்கிவிட்டது. அத்தனை பூவும் கடலைப் பார்த்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

விடங்கருக்கு மந்திரியைக் கண்டாலே வயிற்றெரிச்சல். சமயம் வாய்த்தது என்று தூபம் போட்டார்: "மகாராஜா, என்ன அவமரியாதை! இந்தக் காட்டுக்குப் பொறுப்பு மந்திரியார் அல்லவா?"

ராஜா சீறினார். "மந்திரியாரே, நாளைக் காலையில் இவை நம்மைப் பார்க்கவேண்டும். இல்லையென்றால் காட்டைக் கொளுத்திவிடுவேன். உமக்கும் பதவி இல்லை!"

அந்தக் காட்டை நம்பித்தான் ஆட்டிடையர்கள் பிழைத்தார்கள். நல்லாதனார் பூக்களைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "ஆகட்டும் பிரபு. ஆசனம் போடும் இடம் மட்டும் என் இஷ்டம்" என்றார்.

மறுநாள் விடியுமுன் கடல் பக்கத்து மணல்மேட்டில் ஆசனம் போட்டு, ராஜாவைக் காட்டைப் பார்க்க உட்காரவைத்தார். ராஜாவின் முதுகுக்குப் பின்னால் சூரியன் எழும்பியது. வெயில் ஏற ஏற, காடு முழுக்கப் பூக்கள் விரிந்து ராஜாவையே பார்த்துச் சிரித்தன!

"பலே! பலே!" ராஜா குழந்தை மாதிரி கைதட்டினார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

விடங்கருக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன பெரிய வித்தை? நெருஞ்சிப் பூ சூரியனைத்தான் பார்க்கும். எனக்குத் தெரியாதா?"

"ஓகோ, தெரியுமா?" என்றார் மந்திரி மெதுவாக. "அப்படியானால் நேற்று அவமரியாதை என்றது எதற்கு, புலவரே?"

ராஜா திரும்பிச் சூரியனைப் பார்த்தார். கடகடவென்று சிரித்துவிட்டார். "அடடா, இந்தச் சூரிய பகவானோடா நான் போட்டிக்கு நின்றேன்! மந்திரியாரே, இந்தக் காடு இனி இடையர்களுக்கே. புலவரே, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், பூக்களிடம் மன்னிப்புக் கேளும்!"

விடங்கர் காலை வைத்தார். நெருஞ்சி முள் சும்மா விடுமா? "ஐயோ! அம்மா!" என்று ஒற்றைக்காலில் குதித்தார்.

"கேட்டீரா மந்திரியாரே?" என்றார் ராஜா. "நம் புலவர் இன்றைக்குத்தான் மனசிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்!"