சுபேதார் கட்டிக்கொண்ட மணி

வெள்ளகோவில் பக்கம் நாச்சிமுத்து வாத்தியாருக்கு ஒரு கொறங்காடு உண்டு. உழாமல் புல்லுக்கென்றே விட்ட நிலம் அது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே மாடுகள். பகலில் மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மைப் பாடம் நடத்துவார், சாயங்காலமானால் மாடுகளோடு இருப்பார். இரண்டுக்கும் முன்னால் பட்டாளத்தில் இருந்தவர்.

அவரிடம் பாடம் கேட்க ஒருவர் வந்தார். வந்தவர் வாத்தியாரைவிட மூத்தவர். அது போதாதென்று, பட்டாளத்தில் அவருக்கே மேலதிகாரி. சுபேதார் அவினாசியப்பன் என்று பெயர். ஓய்வு பெற்று இப்போதுதான் ஊரோடு வந்திருக்கிறார். விந்தி விந்தி நடந்து வந்தார்.

"வாங்க சாப். காலுக்கு என்னாச்சுங்க?"

"மாடு முட்டிப்போட்டுது."

"யாரு மாடுங்க?"

"எங்க ஊட்டு மாடுதான். அடுத்தவன் மாடா இருந்தா சண்டைக்காவது போலாம்."

விஷயம் இதுதான். சுபேதாரின் மனைவி பூவாத்தாள் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறார். அவர் வளர்த்த மயிலைப் பசு கன்று போட்டிருக்கிறது. பூவாத்தாளைத் தவிர யாரையும் அது அண்ட விடாது. சுபேதார் தண்ணீர் காட்டப் போனார், உதைத்தது. கட்டுத்தறிக்குப் பிடித்துவரப் போனார், முட்டியது. வெளியூரில் இருக்கும் மகன், விற்றுத் தொலையுங்கள் என்று போனில் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தரகர் வருகிறார். பூவாத்தாள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருக்கிறார்.

"அந்த மாட்டுக்கிட்ட நான் எப்படிப் போறது வாத்தியாரே? அதை மட்டும் சொல்லுங்க."

"சித்த இருங்க. எம்பட மாட்டைப் பாத்துட்டு வந்தர்றேன்."

வாத்தியார் படலைத் திறந்துகொண்டு உள்ளே போனார். போகும்போதே உரக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மண்புழு உரக்குழிக்கு நிழல் வேண்டும். ஈரம் வேண்டும். எறும்பு அண்டக் கூடாது."

மறுநாள் வகுப்புக்கான பாடம் அது. தினமும் இப்படித்தான். பிளஸ் ஒன் பரீட்சையில் பையன்கள் கோட்டை விட்டாலும் விடலாம், அந்த மாடுகள் விடாது. மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவர்தான் என்று தெரிந்ததும் மறுபடி மேய்ந்தன.

வெயிலில் அலைந்து மனுஷனுக்கு மண்டை கலங்கிவிட்டது என்று சுபேதார் நினைத்தார். இவரிடமா யோசனை கேட்க வந்தோம் என்று வருத்தமாகக்கூட இருந்தது.

வாத்தியார் திரும்பி வந்தார். கொட்டகையில் ஆணியில் தொங்கிய வெண்கல மணி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதைக் கட்டுங்க சாப்."

"கிட்டவே போக முடியலைங்கறேன். அது கழுத்துல நான் எப்படிக் கட்டறது?"

"மாட்டுக்கு இல்லீங்க. உங்களுக்கு."

"எனக்கா?"

"கழுத்துல வேண்டாங்க. இடுப்புல கட்டுனாப் போதும்."

சுபேதாரின் காது சிவந்துவிட்டது. அதுவரை கஷ்டப்பட்டுக் காப்பாற்றி வைத்திருந்த 'நீங்க' பறந்துபோயிற்று.

"நாச்சிமுத்து, ஒண்ணு கேக்கறேன். எல்லையில ராத்திரி ரோந்து போறப்ப உன்ற சாப்பாட்டுத் தட்டு சத்தம் போட்டுதுன்னு மூட்டையைத் தூக்கிட்டு மலையேற வெச்சேன். அதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் இப்படிப் பண்றயா?"

"அய்யோ, இல்லீங்க சாப். சத்தமில்லாம நடக்க நீங்க சொல்லிக் குடுத்ததாலதான் நான் உசுரோட ஊடு வந்து சேந்தனுங்க."

"அப்புறம் இப்ப எதுக்குடா மணி?"

"தரகர் என்னிக்கு வர்றாருன்னு சொன்னீங்க?"

"ஞாயித்துக்கெழமை."

"அப்ப நேரமில்லீங்க. கட்டுங்க."

கட்டிக்கொண்டார். வேறு வழி? வீட்டில் பூவாத்தாளின் அழுகையைக் கேட்பதைவிட ஊரார் சிரிப்பைக் கேட்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? எத்தனையோ பேரை வரிசையில் நிறுத்திய மனுஷன் இடுப்பில் மணியோடு டணால் டணால் என்று தன் கொறங்காட்டுக்குப் போனால், வேலிக்கு இந்தப்பக்கம் கூட்டம் கூடத்தான் செய்யும். டீக்கடையில் ஒருவர், "சுபேதாரே, வேளைக்கு எவ்வளவு கறக்குதுங்க?" என்றார். கடையே சிரித்தது. சுபேதார் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். எழுந்தபோதும் மணி அடித்தது.

மாடு முதலில் கொம்பை ஆட்டியது. ஆனால் பாய்ந்து வரவில்லை. சுபேதார் வாளியை வைத்துவிட்டு விலகி நின்றார். தண்ணீர் குடித்தது. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாத்தியாரைப் பள்ளிக்கூட வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இதுல மந்திரம் கிந்திரம் ஏதாச்சும் இருக்குதா? எனக்கு ஒண்ணும் வெளங்கலை."

"பட்டாளத்துல நீங்க போட்ட உத்தரவுல பாதி எனக்கு வெளங்கலீங்க சாப். இருந்தாலும் செஞ்சனுங்க."

சுபேதார் மணியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார்.

சனிக்கிழமை மயிலை அவரைத் தொட விட்டது. கன்றை ஊட்டவிட்டு, பிடித்துக் கட்டி, முதல் முறையாகப் பால் கறந்தார். மறுநாள் தரகரை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே வாத்தியாரைத் தேடி வந்தார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

"மாடு தப்பிச்சுது வாத்தியாரே."

"சந்தோசமுங்க."

"நான் பூனையாட்டம் போயி அது பொறத்தாண்ட நின்னதுதான் தப்பு. அது மெரண்டிருக்குது. சரிதானுங்களே?"

"சரிதானுங்க."

"மாட்டுச் சங்கதி வெளங்கிப்போச்சு. இப்ப எங்கொழப்பமே வேற."

சுபேதார் கிளுவை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நேத்துக் கறந்த பாலைக் காச்சி, ஆத்தி, பூவாத்தாளுக்குக் கொண்டு போனேன். மணியைத் திண்ணையில கழட்டி வெச்சுட்டுத்தான் போனேன். அவ சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தா. தோளைத் தொட்டேன். வீல்னு அலறிட்டா. பால் பூராவும் பாயில கொட்டிப்போச்சு."

"அப்புறமுங்க?"

"நாந்தான், நாந்தான்னு கத்துனேன். அவளுக்கு நடுக்கம் நிக்கவே இல்லை. அப்புறம் சொல்றா, 'எப்ப வந்து நிப்பீங்கன்னே தெரியாதுங்க. கண்ணாலம் ஆனதுல இருந்து எனக்கு இப்படித்தானுங்க'ன்னு. இத்தனை வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை வாத்தியாரே. மாடாவது முட்டிக் காட்டுச்சு."

வாத்தியார் படலைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனி ஊட்டுக்குள்ளயும் மணியைக் கட்டிக்கிட்டு நடக்கறதுங்களா? சொல்லுங்க, கட்டிக்கறேன். ஊரு சிரிச்சுட்டுப் போகுது."

"மணி வேண்டாங்க சாப். லீவு முடிஞ்சு பட்டாளத்துக்குக் கெளம்பறப்ப பூவாத்தா அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்றது? எல்லாரையும் போலத்தான். போயிட்டு வர்றேன்னு சொல்லுவேன்."

"ஒவ்வொரு தடவையும்ங்களா?"

"ஒவ்வொரு தடவையும்தான். அதுக்கென்ன இப்ப?"

"இன்னிக்கு வாசப்படியில நின்னு, 'வந்துட்டேன்'னு சொல்லிப் பாருங்க."